டிவியில் மயில் கழுத்துப் புடவை

எங்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்த முதல் நாள் சாயங்காலம், செய்தி வாசித்தவரின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கு மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் ஆரணியில் பட்டு நெய்கிறவன். வீட்டிலேயே இரண்டு தறி. ஒன்றில் நான், இன்னொன்றில் என் மனைவி. தறிக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் சாயப்பட்டறையில் இருந்தேன். அரக்கு நிறத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு கூடிப்போனாலும் என் கண்ணுக்கு உறுத்தும். புடவைக் கடைக்காரர்கள் இரண்டு நூலைக் கொண்டுவந்து, வெயிலில் பிடித்துக் காட்டி, "ரெண்டும் ஒரே பச்சைதானா, பார்த்துச் சொல்லுப்பா" என்று கேட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில் செங்கல் முகம்.

அந்த டிவியை நான் வாங்கியதே ஒரு காரணத்துக்காகத்தான். என் தங்கை செய்யாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சென்னை தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு பாட்டுப் பாட அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எண்பத்தாறோ எண்பத்தேழோ, வருஷம் சரியாக நினைவில்லை. செய்தியைச் சொல்ல அவளே பஸ் ஏறி வந்தாள். வந்ததும் வராததுமாக, "அண்ணா, எனக்கு ஒரு புடவை வேணும். வெள்ளை வேணாம், பளபளன்னு ஜரிகையும் வேணாம். கேமராவுல கண்ணைக் கூசுமாம். சொல்லி அனுப்பிச்சிகிறாங்க" என்றாள்.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். மயில் கழுத்து. நீளவாட்டில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், உடம்பு கொஞ்சம் திரும்பினால் இன்னொரு நிறம். கரை அரக்கு, அதில் மெல்லிசாக ஒரே ஒரு ஜரிகைக் கோடு. நூலுக்கு நானே பட்டறைக்குப் போய் நின்று சாயம் போட்டுக்கொண்டு வந்தேன். பச்சை இரண்டு தடவை சரியாக வரவில்லை. மூன்றாவது தடவைதான் ஒப்புக்கொண்டேன். நானும் மனைவியும் மாறி மாறி உட்கார்ந்து நெய்து முடித்தோம். தங்கை அதைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தாள். இன்னும் மூன்று வாரத்தில் ஒளிபரப்பு என்று சொன்னார்கள்.

அதைக் கறுப்பு வெள்ளையில் எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான் கலர் டிவி.

பெட்டிக்கு முன்பக்கம் மூன்று திருகு இருந்தது. ஒன்று வெளிச்சம், ஒன்று கான்ட்ராஸ்ட் என்கிற அழுத்தம், ஒன்று கலர். கலரைக் குறைத்தால் செய்தி வாசிப்பவர் பிணம்போல ஆனார். கூட்டினால் மறுபடி செங்கல். நடுவில் நிறுத்தினால் முகம் ஓரளவுக்கு மனித முகமாக இருந்தது, ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த திரை ஊதாவாகிவிட்டது. அந்த வாரம் முழுவதும் நான் டிவி பார்க்கவில்லை, திருகிக்கொண்டிருந்தேன். யாராவது ஒரு நாடகத்தில் மனம் ஒன்றி உட்கார்ந்திருக்கும்போது எழுந்துபோய் ஒரு திருகைத் தொடுவேன். கூடத்தில் எல்லோரும் ஒரே குரலில் "அய்யோ" என்பார்கள்.

டிவி விற்ற கடையில் ஒரு மெக்கானிக் இருந்தார். ரேடியோ பார்த்து, பிறகு கறுப்பு வெள்ளை டிவி பார்த்து, கலருக்குப் புதிதாக வந்தவர். ஆளனுப்பினால் நாலு நாள் கழித்து வருவார். வந்தார். வந்து கலர் திருகைக் கடைசிவரை திருப்பினார். ஒரு நடிகை தக்காளிப்பழம் மாதிரி சிரித்தாள்.

"பார்த்தீங்களாணா, சும்மா ஜம்முனு கீது" என்றார்.

"இன்னா ஜம்முனு கீது? அந்தம்மா மூஞ்சி அப்படியா இருக்கும்?"

"டிவினா அப்படித்தாண்ணா இருக்கும். எல்லா வூட்லயும் இப்படித்தான் வெச்சுக்கிறாங்க. கலரு தூக்கலா இருந்தாதான கலர் டிவி?"

"எனக்குத் தூக்கலா வேணாங்க. சரியா வேணும்."

"எது சரின்னு எப்படிண்ணா தெரியும்? அந்தம்மாவை நீங்க நேர்ல பார்த்துகிறீங்களா?"

 அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. நூலுக்கு நூல் ஒப்பிடலாம். டிவியில் தெரிவதை எதோடு ஒப்பிடுவது? அந்த நடிகையின் புடவை அசலில் என்ன நிறமோ, நான் எதைக் கண்டேன்?

இரண்டு நாள் கழித்து ஒரு வழி தோன்றியது. சாயங்காலம் விவசாயிகளுக்காக ஒரு நிகழ்ச்சி வரும். எங்கள் தெருவில் அதை யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் பெண்கள் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் அதில்தான் எனக்குத் தெரிந்த நிறங்கள் வந்தன. நெல்லு, வாழை இலை, மிளகாய், சாணி. அன்றைக்குக் கத்திரிக்காயில் புழு விழுவதைப் பற்றி ஒருவர் பேசினார். நான் அடுக்களைக்கு ஓடி ஒரு கத்திரிக்காயைக் கொண்டுவந்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் திருகினேன். காய் பொருந்தி வந்தது. அதே நேரத்தில் காம்பு நீலமாகிவிட்டது. காம்பைச் சரி செய்தேன், காய் சிவந்துபோனது.

"இன்னாங்க, அந்தக் காயைக் குடுத்தீங்கன்னா குழம்பு வெப்பேன்" என்று மனைவி வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"இரு, ஒரு நிமிஷம்."

"மூணு நாளா பாவு அப்படியே நிக்குது. நீங்க இதோட மல்லுக்கட்டிகினு கிடக்கிறீங்க. நான் ஒருத்தியே எத்தினி நேரம் நெய்யறது?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கத்திரிக்காயை அவள் கையில் திணித்துவிட்டு, ஆத்திரத்தில் கலர் திருகை ஒரேயடியாகப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினேன். படம் கறுப்பு வெள்ளையானது. சும்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் தெரிந்தது, அது கறுப்பு வெள்ளை இல்லை. அந்த விவசாயி கட்டியிருந்த வேட்டி வெள்ளையாக இல்லை. கலரே இல்லாதபோதும் அதில் ஒரு ரோஸ் சாயை ஓடிக்கொண்டிருந்தது.

 பட்டறையில் முதல் வேலையே அதுதானே. பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பசை போக அலசி, வெள்ளையாக எடுக்க வேண்டும். நூலில் மஞ்சள் தங்கியிருந்தால் அதன்மேல் எந்த நீலம் போட்டாலும் பச்சையடிக்கும். வெள்ளை சரியாக இல்லாத டிவியில் மயில் கழுத்தை எங்கே தேடுவது? இத்தனை நாள் நான் சாயத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கோளாறு நூலில் இருந்தது.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனேன். கலரை மொத்தமாக எடுத்துவிட்டு வெள்ளையைச் சரி செய்ய வழி உண்டா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் முகம் மாறியது.

"உள்ள இருக்குதுண்ணா. சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனியா குட்டித் திருகு. அது கம்பெனியில வெச்சி அனுப்பறது. அதைத் தொட்டா பேஜாராயிடும்."

"இப்பவே பேஜாராத்தான கீது. நீங்க வாங்க. கெட்டுப்போனா உங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

என் நச்சரிப்புத் தாங்காமல்தான் வந்தார் என்று நினைக்கிறேன். நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன்னால் சில நிமிஷம் திரையில் பட்டை பட்டையாக நிறங்களைக் காட்டுவார்கள். கலரை எடுத்துவிட்டால் அவை வெள்ளையிலிருந்து கறுப்புவரை சாம்பல் படிகளாக நிற்கும். அதை வைத்துத்தான் செய்ய முடியும் என்றார். முதல் நாள், பெட்டியின் முதுகைக் கழற்றி அவர் உட்காரவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. இரண்டாம் நாள் வோல்டேஜ் இறங்கி, நாலு பக்கமும் படம் சுருங்கிவிட்டது. ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொண்டதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "உங்களுக்கு இன்னா, நான் கடையை வுட்டுட்டு வந்துகிறேன்" என்று முனகினார். மூன்றாம் நாள் எல்லாம் கூடி வந்தது. அவர் பின்னால் திருப்புளியோடு உட்கார்ந்தார். நான் முன்னால் நின்று கட்டளை போட்டேன்.

"சிவப்பைக் குறைங்க. இன்னும். இன்னும் ஒரு மயிரிழை. போதும், போதும், தாண்டிட்டீங்க."

"ஜல்தியா சொல்லுங்கணா, கைமேல ஷாக் அடிக்கப்போவுது."

"நீலம் கொஞ்சம் குடுங்க. கறுப்புல பச்சை ஓடுது பாருங்க."

"நான் எங்க பார்க்கறது, நான் பின்னால கீறேன்!"

பட்டைகள் மறைந்து நிகழ்ச்சி தொடங்குவதற்குள் சாம்பல் சாம்பலாக நின்றது. சுத்தமான சாம்பல், எந்தச் சாயையும் இல்லை. பிறகு கலர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அன்றைக்கு அறிவிப்பு செய்த பெண் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். அது கனகாம்பரமாகவே இருந்தது. மெக்கானிக் முன்னால் வந்து நின்று பார்த்தார். "நல்லாத்தாண்ணா கீது" என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

அந்தச் சந்தோஷம் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. "வெளுத்துப்போன மாதிரி இருக்குதுங்க. முன்னால எவ்ளோ பளிச்சுனு இருந்தது" என்றாள் மனைவி. எதிர் வீட்டு அம்மாள், "புது டிவியா இப்படி?" என்று பரிதாபப்பட்டார். நான் தறியில் இருக்கும்போது யாரோ கலரை ஏற்றிவிடுவார்கள். நான் வந்து இறக்குவேன். மறுநாள் மறுபடி ஏறியிருக்கும். யார் என்று கேட்டால் யாரும் இல்லை. கடைசியில் மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கிவந்து மூன்று திருகின்மேலும் ஒட்டினேன். பார்க்க, பெட்டிக்கு அடிபட்டுக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது.

ஒளிபரப்பு நாள் வந்தது. தங்கை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவள் பள்ளித் தலைமை ஆசிரியை எல்லா டீச்சர்களையும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார்; அங்கே போக வேண்டியதாகிவிட்டது. அவள் கணவர் மட்டும் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய டேப் ரிக்கார்டர் ஒன்று, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்தது.

"மச்சான், பாட்டை அப்படியே பதிவு பண்ணிடலாம். உங்க டிவியிலதான் சத்தம் தெளிவா வருதாமே" என்றார்.

"பண்ணுங்க மாப்ள" என்றேன். என் கவனம் முழுவதும் திரையில் இருந்தது. மொட்டைமாடி ஏறி ஆன்டெனாவைச் சரிபார்த்தாயிற்று. வோல்டேஜ் நன்றாக இருந்தது. பிளாஸ்திரி கிழியவில்லை. கூடம் நிறைந்து, வாசலிலும் ஆள் நின்றது. தங்கைக்கு முன்னால் ஒருவர் புல்லாங்குழல் வாசித்தார். அவருடைய சந்தன நிற ஜிப்பா சந்தன நிறமாக இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவளும் சிரித்தாள்.

புல்லாங்குழல் முடியப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை எழுந்துபோய், டேப் ரிக்கார்டரை டிவி மேசைமேலேயே, பெட்டியோடு ஒட்டிவைத்து, பட்டன்களை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தங்கை வந்தாள். தம்புராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் "இதோ, இதோ" என்று சத்தம். அவள் வாயைத் திறந்து முதல் வரியை எடுத்தாள். நான் புடவையைப் பார்த்தேன். இடது தோளில் மயில் கழுத்து. மடியில் மயில் கழுத்து. வலது பக்கம், முழங்கையிலிருந்து கீழே, கத்திரிப்பூ நிறம். அவள் வலது கன்னம் பச்சை.

யாரோ திருகைத் தொட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பாய்ந்துபோய்ப் பிளாஸ்திரியைப் பிய்த்தேன். கலரைக் குறைத்தேன். எல்லாம் வெளுத்தது, கத்திரிப்பூ மட்டும் போகவில்லை. கூட்டினேன். அது இன்னும் பரவியது.

"தலையை எடுப்பா, ஒண்ணும் தெரியல!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்.

"ஸ்டெபிலைசரைப் பாரு, முள்ளு எங்க நிக்குது?" என்று நான் மனைவியைப் பார்த்துக் கத்தினேன்.

"சரியாத்தாங்க நிக்குது, நீங்க வந்து உக்காருங்க!"

"இன்னா சரியா நிக்குது? அவ கை ஊதாவா கீது பாரு! எவன் கையை வெச்சது இதுல?"

"மச்சான், பாட்டு, பாட்டு" என்று மாப்பிள்ளை கெஞ்சினார்.

நான் வெளிச்சத்தைக் குறைத்தேன், அழுத்தத்தைக் கூட்டினேன், பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். மூன்று திருகும் எங்கே இருந்தன என்பதே மறந்துபோனது. மூன்று வாரம் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த இடம் என் கையாலேயே கலைந்தது. ஏதோ ஒரு கட்டத்தில் தங்கை கைகூப்பினாள். மறுபடி அறிவிப்புப் பெண் வந்தாள். அவ்வளவுதான். ஐந்து நிமிஷமோ ஆறு நிமிஷமோ.

 மாப்பிள்ளை மெல்ல எழுந்து டேப் ரிக்கார்டரைத் தூக்கினார். அவர் தூக்கத் தூக்க, திரையின் ஓரத்திலிருந்த ஊதாக் கறை அவரோடு சேர்ந்து நகர்ந்து, சுருங்கி, மூலையில் ஒரு சின்னத் திட்டாக நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். அவர் திகைத்துப்போய் மறுபடி பக்கத்தில் கொண்டுபோனார். கறை பரவியது. எடுத்தார். சுருங்கியது.

"காந்தம்ணா. ஸ்பீக்கருக்குள்ள காந்தம் கீதில்ல, அது கலரை இழுத்துடும். கறுப்பு வெள்ளையில இந்தத் தொல்லை கிடையாது" என்றார் மறுநாள் மெக்கானிக். பெட்டியை ஐந்தாறு தடவை அணைத்து அணைத்துப் போட்டதில் அந்தத் திட்டும் போய்விட்டது. இதை முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர்மேல் பாய்ந்தேன். "நீங்க கேக்கலியேண்ணா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் அதே புடவையைத்தான் கட்டியிருந்தாள். முற்றத்தில் அவள் நடந்தபோது நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடியதைப் பார்த்து எனக்கு ஆற்றாமை பொங்கியது. அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, "தலைமை டீச்சர் வூட்ல கலர் எப்படிம்மா இருந்தது?" என்பதுதான்.

"அவங்க வூட்ல கறுப்பு வெள்ளைதாண்ணா" என்றாள். "ஆனா எல்லாரும் அழுதுட்டாங்க. சின்ன டீச்சர் என் கையைப் புடிச்சிகினு வுடவே இல்ல." பிறகு கொஞ்சம் தயங்கி, "நீ சொல்லு, எப்படிப் பாடினேன்?" என்றாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"நல்லா பாடின" என்றேன்.

"சரணத்துல ஒரு இடத்துல மூச்சு வுட்டுட்டேன். கவனிச்சியா?"

"இல்லியே."

மாப்பிள்ளை டேப் ரிக்கார்டரைத் தரையில் வைத்துப் போட்டார். புல்லாங்குழலின் கடைசிக் கொஞ்சம் வந்தது. பிறகு அவள் குரல். முதல் வரி முடிவதற்குள் பிளாஸ்திரி கிழியும் சத்தம். அதன் பிறகு என் குரல். மைக் டிவிக்குப் பக்கத்தில், நானும் டிவிக்குப் பக்கத்தில். பாட்டைவிட என் குரல்தான் தெளிவாகக் கேட்டது. "அவ கை ஊதாவா கீது பாரு! எவன் கையை வெச்சது இதுல?" பெட்டியை நான் தட்டியது இடி மாதிரி விழுந்தது.

தங்கை முதலில் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். டேப் முடிந்தது.

"நீ என்னைப் பார்க்கவே இல்லியாண்ணா?" என்றாள்.

"உன்னைத்தான் பார்த்தேன். புடவை சரியா தெரியணும்னுதான்..." டேப் ரிக்கார்டரை ஓரமாகத் தள்ளி வைத்தேன். "இப்ப ஒரு தடவை பாடேன். உக்காந்து கேக்கறேன்" என்றேன்.

"இப்ப வேணாம். தொண்டை சரியில்ல" என்று சொல்லிவிட்டு, எழுந்து மனைவிக்கு உதவி செய்யப் போய்விட்டாள்.

அவளுக்கு என்மேல் கோபம் ரொம்ப நாள் இருக்கவில்லை. எனக்கு என்மேல்தான் போகவில்லை. அந்த டேப்பை மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். தறியில் தனியாக இருக்கும்போது போட்டுக் கேட்பேன். சரணம் தொடங்கி, நான் ஸ்டெபிலைசரைப் பற்றிக் கத்தி முடித்து, பெட்டியைத் தட்டுவதற்கு முன்னால் ஓர் அரை நிமிஷம் யாரும் பேசவில்லை. அங்கே அவள் குரல் மட்டும் இருக்கிறது. அவள் சொன்னது நிஜம், நடுவில் ஓர் இடத்தில் மூச்சு விடுகிறாள்.